கீழே உட்கார ஒரு மூட்டு

கோலியனூர் கூட்டுரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கிற நாலு பேரிடம் இடுப்பு எங்கே என்று தொட்டுக் காட்டச் சொன்னால், நாலு பேரும் நாலு இடத்தைத் தொடுவார்கள். வேட்டி கட்டியவர் அரைஞாண் ஓடும் இடத்தைக் காட்டுவார். நடவுக்குப் போய்த் திரும்பும் அம்மாள் பின்பக்கம், முதுகு முடிகிற பள்ளத்தில் கை வைப்பார். கைக்குழந்தைக்காரி குழந்தை உட்கார்ந்திருக்கும் பக்கவாட்டு மேட்டைக் காட்டுவாள். "இடுப்பு வலி எடுத்துடுச்சு" என்று யாராவது சொன்னால் அது பிரசவத்துக்கு ஆட்டோ பிடிக்கிற நேரம். இத்தனை இடுப்புகளில், மருத்துவர்கள் இடுப்பு மூட்டு என்று சொல்வதை மட்டும் ஒருவரும் தொடமாட்டார்கள். தொடவும் முடியாது. தொடை இடுக்கு மடிப்பின் நடுவிலிருந்து நேராக உள்ளே போனால், தோல், கொழுப்பு, ரத்தக் குழாய், தடித்த தசை எல்லாவற்றுக்கும் அடியில் அது புதைந்து கிடக்கிறது.

இது வெறும் சொல் வேடிக்கை இல்லை. இடுப்பு மூட்டு தேய்ந்தவர் பெரும்பாலும் இடுப்பு வலி என்று சொல்வதே கிடையாது. வலி தொடை இடுக்கில் வரும், முன்தொடையில் இறங்கும், சில சமயம் முழங்காலில் மட்டும் தெரியும். இடுப்பு மூட்டுக்கு உணர்வு தரும் நரம்புகளில் சிலவற்றின் கிளைகள் முழங்கால் வரை போவதால் மூளை இடம் மாறிப் புரிந்துகொள்கிறது. ஏழு வயதுப் பையன் முழங்கால் வலிக்கிறது என்று நொண்டினால் இடுப்பு மூட்டையும் அசைத்துப் பார் என்பது எலும்பு மருத்துவம் படிப்பவர்களுக்கு முதலில் சொல்லிக் கொடுக்கும் பாடங்களில் ஒன்று. மறுபக்கம், "இடுப்பு போச்சு" என்று வருகிற பத்துப் பேரில் பெரும்பாலோருக்குக் கோளாறு முதுகெலும்பின் அடிப்பகுதியில் இருக்கும். நம் ஊரில் "சப்பை" என்று ஒரு சொல் உண்டு. ஒருக்களித்துப் படுத்தால் தரையில் குத்துகிற அந்தப் புடைப்பு. அதுவும் மூட்டு இல்லை. தொடை எலும்பின் மேல்முனையில் தசைகள் வந்து பிடிக்கும் குமிழ் அது. மூட்டின் மையம் அதற்கு உள்பக்கமாக இன்னும் சில விரற்கடை தள்ளி இருக்கிறது.

பார்க்க வேண்டும் என்றால் ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்குப் போகலாம். ஆட்டின் பின்தொடையைக் கழற்றும்போது கடைக்காரர் கத்தியை எலும்பின்மேல் போடுவதில்லை. முனையால் ஒரு சுற்று அறுத்து, தொடையை வெளிப்பக்கம் முறுக்குவார். "பொளக்" என்று ஒரு சத்தம். வெள்ளையாக, வழவழவென்று ஒரு உருண்டை வெளியே எட்டிப் பார்க்கும். உருண்டையின் உச்சியில் ஒரு சிறு பள்ளம், அதிலிருந்து கயிறு மாதிரி ஒரு நார் குழிக்குள் ஓடும். அதையும் அறுத்தால் தொடை கையோடு வந்துவிடும். மனிதனுக்கும் இதே பாகங்கள்தான்: உருண்டை, குழி, சுற்றியிருக்கும் உறை, நடுவில் அந்த நார். வேறுபாடு ஆடு நாலு காலில் நிற்கிறது என்பதில் தொடங்குகிறது.

குழி ஒரே எலும்பில் குடைந்தது அல்ல. இடுப்பு எலும்பு என்று நாம் ஒன்றாகச் சொல்வது பிறக்கும்போது மூன்று எலும்புகள்: மேலே விசிறி மாதிரி இலியம், கீழே நாம் உட்காரும் இஸ்கியம், முன்னால் பியூபிஸ். இந்த மூன்றும் வந்து சந்திக்கும் இடமே அந்தக் குழி. குருத்தெலும்பால் ஆன மூன்று கால் இணைப்பு ஒன்று நடுவில் இருந்து, பிள்ளை பருவமடையும் வயதை ஒட்டி எலும்பாக இறுகிவிடும். அதுவரை குழி வளர்ந்துகொண்டே இருக்கிறது. எதைச் சுற்றி வளர்கிறது என்றால் உள்ளே இருக்கும் உருண்டையைச் சுற்றி. உருண்டை சரியாக உட்காரவில்லை என்றால் குழி ஆழமாகாமல் தட்டையாகிவிடும். இந்த ஒரு செய்தி பின்னால் தேவைப்படும்.

ரோமானியர்கள் மேசையில் காடி வைக்கிற சிறு கிண்ணத்தின் பெயரை இந்தக் குழிக்கு வைத்தார்கள். அசிட்டாபுலம் என்று உலகம் முழுக்க இன்றும் அதே பெயர். சுஸ்ருத சம்ஹிதையைத் தொகுத்தவர்கள் வேறு பாத்திரத்தைப் பார்த்தார்கள். உடம்பின் மூட்டுகளை எட்டு வகையாகப் பிரித்து, அக்குளிலும் தொடை இடுக்கிலும் பல்லிலும் இருப்பதை உலூகலம் என்றார்கள். உலூகலம் என்றால் உரல். உலக்கை எல்லாப் பக்கமும் சாயலாம், சுழலலாம், ஆனால் உரலை விட்டு வெளியே வராது. தோளை இதே வகையில் சேர்த்தது எனக்கு அவ்வளவு ஒப்பவில்லை. தோளின் குழி உரல் அல்ல, தாம்பாளம். பந்து அதன்மேல் ஏறக்குறைய மிதக்கிறது. அதனால்தான் தோள் அடிக்கடி நழுவுகிறது, இடுப்பு லாரி மோதினாலொழிய நழுவுவதில்லை. ஆனால் காடிக் கிண்ணத்தைவிட உரல் நல்ல உவமை. கிண்ணம் வடிவத்தை மட்டும் சொல்கிறது. உரல் வேலையையும் சேர்த்துச் சொல்கிறது, அதில் விழும் இடியையும் சேர்த்து.

உரலுக்குள் முழுக்க வழவழப்புப் பூசியிருக்கும் என்று நினைக்கத் தோன்றும். அப்படியில்லை. குருத்தெலும்புப் பூச்சு குதிரை லாடம் மாதிரி மேலும் முன்னும் பின்னும் மட்டும் இருக்கிறது, பாரம் விழும் இடங்களில். அடிப்பள்ளத்தில் கொஞ்சம் கொழுப்பு. குருத்தெலும்பு சில மில்லிமீட்டர் தடிமன். அதற்கு ரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. மூட்டு அசையும்போது உள்ளிருக்கும் திரவத்தைப் பிழிந்தும் உறிஞ்சியும்தான் அது சாப்பிடுகிறது. குழியின் விளிம்பில் பானைக்குப் பிரிமணை கட்டியது போல ஒரு நார்வளையம் இருக்கிறது. அது குழியை ஆழப்படுத்துவதோடு உள்ளிருக்கும் திரவம் வெளியேறாதபடி அடைத்தும் வைக்கிறது.

இந்த அடைப்பு எவ்வளவு பலமானது என்பதை 1836-ல் ஜெர்மனியின் வெபர் சகோதரர்கள் காட்டினார்கள். இறந்தவர் உடலில் மூட்டைச் சுற்றியிருந்த தசைகளை அறுத்தார்கள், உறையையும் அறுத்தார்கள். கால் விழவில்லை, தொங்கிக்கொண்டே இருந்தது. பிறகு இடுப்பின் உள்பக்கத்திலிருந்து குழிக்கு ஒரு துளை போட்டார்கள். காற்று உள்ளே புகுந்ததும் கால் கீழே இறங்கிவிட்டது. சுற்றியிருக்கும் காற்றின் அழுத்தம் காலின் எடையைத் தாங்கிக்கொண்டிருந்தது என்று அவர்கள் எழுதினார்கள். இன்றைக்குக் கணக்கில் சில திருத்தங்கள் வந்துவிட்டன. ஆனால் கறிக்கடையில் கேட்ட "பொளக்" சத்தம் இதே சங்கதிதான்.

உறையைத் தாங்கும் நார்ப்பட்டைகள் மூன்று. முன்பக்கம் இருப்பது தலைகீழாகப் பிடித்த கவட்டைக் கம்பு வடிவில் இரண்டாகப் பிரியும். பாஸ்டன் நகர அறுவை மருத்துவர் ஹென்றி பிகலோ 1869-ல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். உடம்பிலேயே மிக வலுவான நார் இது என்று உடற்கூறியல் நூல்கள் சொல்கின்றன. இதன் போக்கு விசித்திரமானது. இடுப்பை மடக்கினால் தளர்கிறது. நிமிர்ந்து நின்றால் துணியைப் பிழிவதுபோல் முறுக்கிக்கொண்டு இறுகுகிறது. நாம் இடுப்பைச் சற்று முன்னே தள்ளி நின்றால் உடம்பு அந்தப் பட்டையின்மேல் சாய்ந்துகொள்கிறது, தசைக்குப் பெரிய வேலை இல்லை. ரேஷன் கடை வரிசையில் மணிக்கணக்கில் நிற்க முடிவது இதனால். ஆட்டுக்கு இந்த வசதி இல்லை. அதன் இடுப்பு எப்போதும் பாதி மடங்கியே இருக்கிறது.

நிமிர்ந்து நடப்பதன் கதையைச் சொல்லும் எலும்பு மண்டையோடு அல்ல, இடுப்பு. எங்கள் விழுப்புரம் மாவட்டத்துக்கு மனித முன்னோர் ஆய்வில் ஒரு சிறு இடம் உண்டு: பொம்மையார்பாளையம் அருகே ஓடை என்ற இடத்தில் 2001-ல் பி. ராஜேந்திரன் ஒரு குழந்தையின் மண்டையோட்டுப் புதைபடிவத்தைக் கண்டெடுத்தார். அந்தக் குழந்தை எப்படி நடந்திருக்கும் என்று மண்டையோட்டிலிருந்து அதிகம் சொல்ல முடியாது. எத்தியோப்பியாவில் 1974-ல் கிடைத்த, லூசி என்று பெயரிட்ட மனித முன்னோரின் புதைபடிவத்தில் இடுப்பு எலும்பும் தொடை எலும்பும் இருந்தன. 32 லட்சம் ஆண்டுக்கு முன் அவள் இரண்டு காலில் நடந்தாள் என்று உறுதியாகச் சொல்ல அவை போதுமானதாக இருந்தன. வாலில்லாக் குரங்குகளுக்கு விசிறி எலும்பு முதுகுப் பக்கம் தட்டையாக, உயரமாக இருக்கும். நமக்கு அது குட்டையாகிப் பக்கவாட்டில் சுற்றிக்கொண்டது. அந்தத் திருப்பத்தில் ஒரு தசையின் வேலை மாறியது.

அந்தத் தசையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இடுப்பு மூட்டின் மொத்தப் பொருளாதாரமும் அதில் இருக்கிறது. நடப்பது என்றால் மாறி மாறி ஒற்றைக் காலில் நிற்பது. வலது காலை ஊன்றி இடது காலைத் தூக்கும்போது உடம்பின் இடதுபுறம் கீழே சரிய வேண்டும். நியாயமாகப் பார்த்தால் விழ வேண்டும். விழாமல் வலது பிட்டத்தின் பக்கவாட்டில் இருக்கும் நடுப்புட்டத் தசை இழுத்துப் பிடிக்கிறது. கிணற்றுத் துலாவை நினைத்துக்கொள்ளுங்கள். அச்சு, மூட்டின் மையம். ஒரு பக்கம் உடம்பின் பாரம், அச்சிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி. மறுபக்கம் தசையின் இழுப்பு, 5 சென்டிமீட்டர் தள்ளி. 60 கிலோ ஆளுக்கு ஊன்றிய காலின் எடையைக் கழித்தால் பாரம் சுமார் 50 கிலோ. அதைச் சமன்செய்யப் பாதி தூரத்தில் இருக்கும் தசை 100 கிலோ இழுக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து உரலுக்குள் இறங்குவது 150 கிலோ. ஒவ்வொரு எட்டுக்கும் இவ்வளவு.

காகிதக் கணக்குதான் என்று ஒதுக்க வேண்டாம். பெர்லினில் கேயார்க் பெர்க்மன் குழுவினர் செயற்கை மூட்டுக்குள்ளேயே அளவுமானி வைத்து, அதைப் பொருத்திக்கொண்டவர்களை நடக்கச் சொல்லி அளந்தார்கள். சாதாரண நடையில் உடல் எடையைப் போல் சுமார் இரண்டரை மடங்கு வந்தது. தடுக்கி விழப்போய்ச் சமாளித்த ஒரு கணத்தில் எட்டு மடங்கு வரை ஏறியது. வரப்பில் கால் வழுக்கி, விழாமல் நிமிர்கிறவர் மூட்டுக்குள் நடப்பது இதுதான்.

இந்தத் தசை பலமிழந்தால் என்ன ஆகும் என்பது நம் ஊர்களில் எழுபது, எண்பதுகளில் போலியோ கண்டு பிழைத்தவர்கள் நடையில் தெரியும். ஊன்றிய காலின் எதிர்ப்பக்கம் தாழும். அதைச் சமாளிக்க உடம்பை ஊன்றிய பக்கமே சாய்த்துப் போட்டு நடப்பார்கள். இப்படிச் சாய்வதால் பாரத்தின் தூரம் குறைந்து, தசைக்கு வேலை குறைகிறது. யாரும் சொல்லிக் கொடுக்காமலே உடம்பு கண்டுபிடித்த துலாக் கணக்கு. ஃபிரீட்ரிக் டிரெண்டலன்பர்க் 1895-ல் இதை விளக்கினார். ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லி எந்தப் பக்கம் தாழ்கிறது என்று பார்க்கும் சோதனைக்கு அவர் பெயர் நின்றுவிட்டது.

கைத்தடி விஷயத்தில் மட்டும் நம் பெரியவர்கள் உடம்பின் பேச்சைக் கேட்பதில்லை. வலது இடுப்பில் வலி என்றால் வலது கையில் தடி பிடிப்பார்கள். தடி இடது கையில் இருக்க வேண்டும். அச்சிலிருந்து அவ்வளவு தள்ளி ஊன்றும்போது 5 கிலோ அழுத்தமே தசையின் வேலையை ஏறக்குறைய பாதியாக்கும். மேலே போட்ட கணக்கில் 150 கிலோ 100-க்கு இறங்கும். எந்த மாத்திரையும் இதைச் செய்யாது. வால்டர் பிளவுண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் 1956-ல், கைத்தடியைத் தூக்கி எறியாதீர்கள் என்று சக மருத்துவர்களுக்கே ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. குடத்துக்கும் இதே விதி. வலது இடுப்பில் ஏற்றிய தண்ணீர்க் குடம், வலது காலை ஊன்றும்போது அந்த மூட்டைப் பெரிதாகத் துன்புறுத்தாது. இடது காலை ஊன்றும்போது இடது மூட்டின் அச்சிலிருந்து வெகுதூரத்தில் தொங்கி அதைத்தான் வதைக்கும்.

சோழர் செப்புத் திருமேனிகளைச் செய்த ஸ்தபதிகளுக்கு இதெல்லாம் கண்ணளவில் தெரிந்திருக்கிறது. ஒரு காலில் பாரம் இறக்கி நிற்கும் அம்மன்களுக்கு ஊன்றிய பக்கத்து இடுப்பு வெளியே புடைத்து, மறுபக்கம் தளர்ந்து தாழ்ந்திருக்கும். தசையை ஓய்வுக்கு விட்டு நார்களில் தொங்கும் நிலை. நடராஜர் அப்படியல்ல. வலது கால் மடங்கி முயலகன்மேல் ஊன்ற, இடது கால் உடம்பின் குறுக்கே தூக்கியிருக்கிறது. இடுப்பு தாழவில்லை. அங்கே தசை முழு வேலையில் இருக்கிறது.

தொடை எலும்பு நேராக மேலே போய்க் குழியில் நுழைவதில்லை. ஒரு கழுத்து பக்கவாட்டில் வளைந்து போய் உருண்டையைத் தாங்குகிறது. பெரியவர்களுக்கு இந்த வளைவு 125 முதல் 130 பாகை. பிறந்த குழந்தைக்கு இன்னும் நிமிர்ந்திருக்கும், நின்று நடக்க நடக்க வளையும். கழுத்து சற்று முன்பக்கமும் திரும்பியிருக்கிறது, பெரியவர்களுக்கு 15 பாகை அளவில். இந்தக் கழுத்தால் கிடைக்கும் லாபம் இரண்டு: நடுப்புட்டத் தசைக்கு அந்த 5 சென்டிமீட்டர் நெம்புகோல், தொடை எல்லாப் பக்கமும் போகும்போது குழியின் விளிம்பில் இடிக்காத இடைவெளி. நட்டம் ஒன்று: பாரம் நேராக இறங்காமல் கழுத்தை வளைக்கப் பார்க்கிறது. அதைத் தாங்க எலும்புக்குள் நுண்ணிய சட்டங்கள் வளைவு வளைவாக அடுக்கப்பட்டிருக்கின்றன. 1866-ல் சூரிச் நகரில் உடற்கூறியலாளர் மேயர் இந்தக் கோடுகளைக் காட்டியபோது, பாலங்கள் கணக்கிடும் பொறியாளர் கார்ல் கூல்மன், இது நான் பாரந்தூக்கிக்கு வரையும் கோடுகள் அல்லவா என்றாராம். பாரம் எங்கே விழுகிறதோ அங்கே எலும்பு கட்டும், விழாத இடத்தில் கரைக்கும் என்று யூலியுஸ் வொல்ஃப் 1892-ல் அதை விதியாக்கினார்.

வயதாகும்போது அந்தச் சட்டங்கள் ஒவ்வொன்றாக மறைகின்றன, ஒரு வரிசைப்படி. எக்ஸ்ரேயில் எந்த வரிசை எஞ்சியிருக்கிறது என்று பார்த்து எலும்பின் தேய்மானத்தை ஆறு படிகளாகச் சொல்லும் முறையை 1970-ல் வெளியிட்டவர்கள் இந்தியர்கள்: மன்மோகன் சிங், நாக்ரத், மைனி. எலும்பு அடர்த்தி அளக்கும் இயந்திரம் வராத காலத்தில் உலகமெங்கும் சிங் குறியீடு என்று பெயர் பெற்றது. பெயரைப் பார்த்து முன்னாள் பிரதமரை நினைக்க வேண்டாம்.

சட்டங்கள் கரைந்த பாட்டி குளியலறை ஈரத்தில் வழுக்கினால் முறிவது இந்தக் கழுத்துதான். கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடக்கும், பார்த்தவுடன் சொல்லிவிடலாம். நம் பக்கம் இதற்கும் புத்தூர்க் கட்டுக்குக் கூட்டிப்போவது வழக்கம். கை, முன்கால் எலும்புகள் கட்டினால் கூடுவதைப் பார்த்து வந்த நம்பிக்கை அது, தவறு சொல்ல முடியாது. ஆனால் கழுத்து முறிவு வேறு சாதி. மூட்டு உறைக்கு உள்ளே முறிகிறது. அங்கே எலும்பைச் சுற்றிப் புது எலும்பு வைக்கும் படலம் கிட்டத்தட்ட இல்லை. எந்தக் கட்டும் அந்த ஆழத்தை எட்டிப் பிடிக்காது. இதைவிடப் பெரிய சிக்கல் ரத்தம்.

உருண்டைக்கு ரத்தம் வரும் வழியை எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்குவது எளிது. அது கடைமடை வயல். தொடையின் பெரிய குழாயிலிருந்து பிரியும் வாய்க்கால் கழுத்தின் பின்பக்கமாகச் சுற்றி, எலும்பை ஒட்டியே மேலேறி, கடைசியில் உருண்டையை அடைகிறது. நடுவிலுள்ள நாருக்குள் ஒரு சிறு கண்ணி வருகிறது. சிறு பிள்ளைகளுக்கு அது உதவும், பெரியவர்களுக்குப் போதாது. கழுத்து முறிந்து விலகினால் வாய்க்கால் அறுந்துவிடும், கடைமடை காயும். முறிவே இல்லாமலும் காயலாம். தொடர்ந்து குடிப்பவர்களுக்கும், ஸ்டீராய்டு மருந்து நிறையப் போனவர்களுக்கும், அரிவாள் உயிரணு நோய் உள்ளவர்களுக்கும் நுண்குழாய்கள் அடைபடும். வண்டல் தூர்த்த வாய்க்கால். செத்த எலும்பு சில மாதங்களோ ஆண்டுகளோ வடிவம் மாறாமல் நிற்கும், பிறகு முட்டை ஓடு மாதிரி உள்ளே அமுங்கும். கொரோனா அலைகளுக்குப் பிறகு ஸ்டீராய்டு பெற்றவர்களிடம் இது கூடுதலாகக் காணப்படுவதாக இந்திய மருத்துவர்கள் எழுதினார்கள்.

இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். ஐரோப்பாவில் இடுப்பு மூட்டு மாற்று என்றால் பெரும்பாலும் வயதான தேய்மானத்துக்கு. இந்தியாவில் அதற்கு முதல் காரணம் இந்தக் கடைமடைக் காய்ச்சல். வருகிறவர்களும் வயதில் சிறியவர்கள். தானாக வரும் இடுப்புத் தேய்மானம் இந்தியர்களிடம் குறைவு என்று முகோபாத்யாயாவும் பரூவாவும் 1967-லேயே எழுதினார்கள். பெய்ஜிங் முதியவர்களை அமெரிக்க வெள்ளையர்களோடு ஒப்பிட்டு 2002-ல் வந்த ஆய்வு, இடுப்புத் தேய்மானம் அங்கே 80 முதல் 90 சதவீதம் குறைவு என்றது. குந்தி உட்காரும் நம் பழக்கம்தான் காப்பாற்றுகிறது என்று மேடையில் பேசக் கேட்டிருக்கிறேன். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அவ்வளவு சுலபமாக நம்ப எனக்கு மனம் வரவில்லை. உருண்டைக்கும் கழுத்துக்கும் இடையே ஒரு புடைப்பு இருந்தால் மடக்கும்போதெல்லாம் அது குழியின் விளிம்பை இடித்துத் தேய்க்கும் என்று ஸ்விட்சர்லாந்தின் ரைன்ஹோல்ட் கான்ஸ் 2003-ல் விளக்கினார். அந்தப் புடைப்பு ஆசியர்களிடம் குறைவு. ஆக, குந்துவதால் மூட்டு நன்றாக இருக்கிறதா, மூட்டு வாகாக இருப்பதால் குந்த முடிகிறதா என்பது இன்னும் திறந்த கேள்வி. குந்துவது முழங்காலுக்கு நல்லதல்ல என்பதற்கோ அதே பெய்ஜிங்கில் சான்று இருக்கிறது.

பழக்கம் உறுதியாகக் காப்பாற்றும் இடம் வேறு: குழந்தையின் இடுப்பு. தை மாதம் ஐந்தாம் நாள் தென்பெண்ணையில் ஆற்றுத் திருவிழாவுக்கு வருகிற கூட்டத்தைப் பாருங்கள். மணலில் நடக்கிற தாய்மார்களில் பாதிப் பேரின் இடுப்பில் பிள்ளை. பிள்ளையின் இரண்டு தொடையும் அகன்று, மடங்கி, தாயின் இடுப்பைக் கவ்வியிருக்கும். உருண்டை குழியின் நடுவில் ஆழமாக உட்காரும் நிலை இதுதான். குழி உருண்டையைச் சுற்றித்தான் வளர்கிறது என்று முன்னால் சொன்னேன். கால்களை நேராக நீட்டி இறுக்கிச் சுற்றி வைக்கும் சமூகங்களில், தொட்டில் பலகையில் கட்டி வளர்த்த வட அமெரிக்க நவஹோ மக்களிடம், பிறவி இடுப்பு விலகல் அதிகம் இருந்தது. ஜப்பானில் 1970-களின் நடுவில், குழந்தையின் காலை நீட்டிக் கட்டாதீர்கள் என்று நாடு தழுவிய இயக்கம் நடத்தினார்கள். நூற்றுக்கு ஒன்றுக்கும் மேல் இருந்த விலகல் ஆயிரத்துக்கு இரண்டு என்ற அளவுக்கு இறங்கியது. இந்தக் கோளாறுக்கு இன்று மாட்டிவிடும் பாவ்லிக் வார்ப்பட்டை, பிள்ளையைக் கிட்டத்தட்ட நம் இடுப்புப் பிள்ளையின் நிலையில்தான் வைத்திருக்கிறது.

மூட்டின் அசைவுகளைப் பாடநூல் பாகைகளில் சொல்லும்: மடக்கு 120, பின்னால் 15 முதல் 20, அகட்டு 45, வெளிச்சுழல் 45. நம் நாள் முழுவதும் இந்த எல்லைகளுக்கு அருகேதான் கழிகிறது. நடவு வயலில் பெண்கள் முதுகை வளைக்கிறார்கள் என்று சொல்கிறோம். பக்கத்தில் நின்று பார்த்தால் முழங்கால் ஏறக்குறைய நேராக, முதுகும் பலகையாக, மடிப்பு முழுக்கத் தொடை இடுக்கில் இருப்பது தெரியும். அந்த நிலையில் உடம்பைப் பிடித்து நிறுத்துவது பெரும்புட்டத் தசையும் பின்தொடைத் தசைகளும். சம்மணம் இன்னொரு கலவை: மடக்கு, அகட்டு, வெளிச்சுழல் மூன்றும் ஒரே சமயத்தில். இந்த மூன்றையும் சேர்த்துச் செய்யும் ஒரு தசை இடுப்பிலிருந்து தொடையின் குறுக்கே முழங்காலின் உள்பக்கம் வரை ஓடுகிறது, உடம்பிலேயே நீளமானது. ஐரோப்பிய உடற்கூறியலாளர்கள் அதற்குத் தையல்காரர் தசை என்று பெயர் வைத்தார்கள். காலை மடித்து உட்கார்ந்து வேலை செய்யும் ஆள் என்றதும் அவர்களுக்கு நினைவு வந்தவர் தையல்காரர். இங்கே பெயர் வைத்திருந்தால் யாருடைய பெயரை வைப்பது? ஊரே அப்படித்தானே உட்கார்ந்து சாப்பிட்டது.

இந்த வேறுபாடு செயற்கை மூட்டு வந்தபோதுதான் உறைத்தது. முயற்சி பழையது: 1891-ல் பெர்லினில் கிளக் தந்தத்தில் செய்த மூட்டு, 1923-ல் பாஸ்டனில் ஸ்மித் பீட்டர்சன் கண்ணாடியில் செய்த தொப்பி. நிலைத்தது இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி செய்தது. முதலில் டெஃப்லான் குழி வைத்து, அது சில ஆண்டுகளில் தேய்ந்து உதிர, நோயாளிகளுக்குத் திரும்ப அறுவை செய்ய வேண்டி வந்தது. 1962 நவம்பரில் கெட்டியான பாலிஎத்திலீனுக்கு மாறினார். எஃகு உருண்டை, பிளாஸ்டிக் குழி, எலும்பில் பிடிக்கச் சிமெண்ட். உராய்வைக் குறைக்க உருண்டையை இயற்கை அளவில் பாதிக்கும் குறைவாக, 22 மில்லிமீட்டராகச் சுருக்கினார். வலி போயிற்று, நடை வந்தது. ஆனால் சிறிய உருண்டை எளிதில் வெளியே குதிக்கும். ஆழமாக மடக்கி, தொடையை உள்ளே திருப்பினால் பின்பக்கமாக நழுவும். நாற்காலியிலிருந்து எழுந்து நடக்கும் இங்கிலாந்துக்காரருக்கு அது பெரிய குறை அல்ல.

நம் பக்கத்து மருத்துவர்கள் அதனால் வேறு வழியும் பார்த்தார்கள். காசநோயோ சீழோ தின்ற மூட்டுக்கு, உருண்டையை அப்படியே எடுத்துவிடும் பழைய அறுவை ஒன்று உண்டு. கால் கொஞ்சம் குட்டையாகும், நடை ஆடும், ஆனால் குந்தலாம், சம்மணம் போடலாம். வாரணாசியில் எஸ்.எம். டூலியும் முகர்ஜியும் இப்படிச் செய்தவர்களின் முடிவுகளை 1981-ல் வெளியிட்டார்கள். தரையில் வாழ்கிறவருக்கு நொண்டலைவிடக் குந்த முடியாமை பெரிய ஊனம் என்ற கணக்கு அதில் இருக்கிறது. மேலைநாட்டு மருத்துவர் ஒருவர் இதைக் கடைசிப் புகலிடம் என்பார்.

உருண்டையைப் பெரிதாக்கினால் நழுவாது என்ற எண்ணத்தில் வந்த உலோகத்தின்மேல் உலோகம் வைத்த மூட்டுகளின் கதை கசப்பானது. ஜான்சன் அண்ட் ஜான்சனின் டிப்யூ நிறுவனம் விற்ற ஏ.எஸ்.ஆர். மூட்டுகளில் கோபால்ட்டும் குரோமியமும் உராய்ந்து ரத்தத்தில் கலந்தன, சுற்றியிருந்த சதை அழுகியது. 2010 ஆகஸ்டில் உலகெங்கும் திரும்பப் பெற்றார்கள். இந்தியாவில் அதை வைத்துக்கொண்டவர்கள் சுமார் 4,700. அருண் அகர்வால் தலைமையில் மத்திய அரசு குழு போட்டு, 2018-ல்தான் இழப்பீட்டு முறையை வகுத்தது, ஒரு கோடியே 20 லட்சம் ரூபாய் அளவு வரை. மூட்டு பொருத்தியவர்களில் பலரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. யாருக்கு எதை வைத்தோம் என்ற பதிவேடு சரியாக இல்லாததன் விலை அது.

பிரான்சில் கில் பூஸ்கே 1970-களில் யோசித்த இன்னொரு வழி இப்போது நம் மருத்துவமனைகளுக்கும் வந்திருக்கிறது: சிறிய உருண்டை ஒரு பெரிய பிளாஸ்டிக் உருண்டைக்குள், அது உலோகக் குழிக்குள். உரலுக்குள் உரல். நழுவுவது வெகுவாகக் குறைந்தது. குழியை எந்தச் சாய்வில் வைப்பது என்பதற்கு 1978-ல் லெவினெக் கொடுத்த எல்லை, பக்கவாட்டில் 40 பாகை, முன்னால் 15 பாகை, இருபுறமும் பத்துப் பத்து கூடக் குறைய. அது படுத்த நிலையில் எடுத்த படத்தின் அளவு. தரையில் உட்காரும்போது இடுப்பு எலும்பே பின்னால் சாய்கிறது, குழியின் வாய் மாறுகிறது. முப்பது இந்தியர்களைக் குந்தவும் சம்மணம் போடவும் சொல்லி அளந்து 2006-ல் வந்த ஓர் ஆய்வில் குந்தும்போது இடுப்பு மடக்கு சராசரி 95 பாகை. ஆளுக்கு ஆள் வேறுபாடு அதில் மிகப் பெரிதாக இருந்தது. ஒரே மாதிரி குந்துகிற இரண்டு பேர் கிடையாது போலும்.

முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி 2010-ல் வந்த பிறகு எங்கள் பக்கத்துக்காரர்கள் எலும்பு முறிந்தால் புதுச்சேரிக்கோ சென்னைக்கோதான் ஓட வேண்டும் என்ற நிலை மாறியது. மூட்டு மாற்றிக்கொண்டவர்களை ஊரிலேயே இப்போது பார்க்கலாம். அறுவைக்கு முன் அவர்கள் கேட்கிற கேள்வி எப்போது நடக்கலாம் என்பதல்ல. "கீழ ஒக்காரலாமா டாக்டர்?" சில மருத்துவர்கள் கூடவே கூடாது என்கிறார்கள். சிலர் சம்மணம் போடலாம், குந்த வேண்டாம் என்கிறார்கள். பின்பக்கமாக அறுத்து வைத்த மூட்டுக்கு வெளியே அகட்டுவது அவ்வளவு ஆபத்தில்லை, ஆழ மடக்கி உள்ளே திருப்புவதுதான் ஆபத்து என்பது அவர்கள் கணக்கு. முன்பக்கமாக அறுத்திருந்தால் கணக்கு தலைகீழ். வீட்டில் நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று வாங்கிக் கழிவறைக்குள் வைக்கிறார்கள். கல்யாணப் பந்தி மேசைக்கு ஏறி வெகுகாலம் ஆகிவிட்டதால் அங்கே தொந்தரவில்லை. ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது மட்டும், எல்லோரும் தரையில் குந்திச் சொம்பை நீட்ட, அவர்கள் திண்ணை ஓரமாக நின்றபடி கை நீட்டி வாங்கிக் குடிக்கிறார்கள்.